இவனுக்கு என்னாதாம்பா கஷ்டம்?

(சிதம்பரத்தில் மாணவர்கள் ஏற்பாடு செய்த திரையிடலின் முடிவில் பேசியது. பேச்சின் பதிவிலிருந்து எழுதி எடுத்து, சற்றே திருத்தப்பட்டது.)



நேற்று ராத்திரி இதே படத்தைக் கடலூருக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் போட்டோம். சமுதாயக் கூடத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, வாடகைக்கு எடுத்த புரொஜக்டரை ஸ்டூல் மேலே வைத்து ஓட்டினோம். படம் இந்தி. நம்ம தோழர் ஒருத்தர் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். குழந்தைகள் உட்கார்ந்திருந்ததால் சில காட்சிகளைத் தள்ளி ஓட்டினோம். தணிக்கையை எதிர்த்துப் பேசுகிற ஒரு படத்துக்கு நாமே தணிக்கை போட்டோம் என்பதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

முன்வரிசையில் ஒரு கிழவி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாங்க. நடவு வேலைக்குப் போய்விட்டு வந்த அலுப்பு. படத்தில் ரவிவர்மா மனசு உடைந்து உட்கார்ந்திருக்கிற ஒரு இடம். பின்னணி இசை உருகுகிறது. அந்தம்மா சத்தமாகக் கேட்டாங்க: "ஏம்பா, ராஜா கூப்ட்டுப் பணம் குடுக்குறாரு, ஊடு இருக்குது, சோறு இருக்குது, இவனுக்கு என்னாதாம்பா கஷ்டம்?"

கூடமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. விளிம்புநிலை, பிரதிநிதித்துவம், பன்மைத்துவம் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறதை அந்தம்மா ஒரே கேள்வியில் கேட்டுவிட்டாங்க. இன்றைக்கு நான் பேசப்போவது அந்த ஒரு கேள்வியைப் பற்றி மட்டும்தான். கஷ்டப்படுகிற கலைஞன் என்று சினிமா காட்டும்போது, எது கஷ்டம், யாருடையது கஷ்டம், அதற்குக் காரணம் யார் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

இப்போது பார்த்த படம் 'ரங் ரசியா'. ரஞ்சித் தேசாயின் மராத்தி நாவலை வைத்துக் கேதன் மேத்தா எடுத்தது. 2008இல் விழாக்களில் காட்டப்பட்டது. தியேட்டருக்கு வர 2014 நவம்பர் ஆயிற்று. ரவிவர்மாவாக ரந்தீப் ஹூடா. அவர் வரைவதற்கு மாடலாக நிற்கும் சுகந்தாவாக நந்தனா சென். இதே ஓவியரைப் பற்றி 2011இல் மலையாளத்தில் லெனின் ராஜேந்திரன் 'மகரமஞ்ஞு' எடுத்தார். அதில் ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவன் ரவிவர்மாவாக நடித்தார்.

ரவிவர்மா 1848இல் கிளிமானூர் அரண்மனைக் குடும்பத்தில் பிறந்தவர். 1906இல் இறந்தார். எண்ணெய் வண்ணத்தை யாரும் அவருக்கு எளிதாகச் சொல்லித்தரவில்லை என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அரண்மனையில் ஓவியராக இருந்த மதுரை ராமசாமி நாயக்கர் சொல்லித்தர மறுத்தாராம். அவரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாகக் கற்றுக்கொடுத்தாராம். தம்பி ராஜராஜ வர்மாவும் கூடவே இருந்து வரைந்தார். ஆக அந்தத் தூரிகையைப் பிடித்த கை ஒன்றல்ல. ஆனால் வாழ்க்கைச் சித்திரம் என்கிற சினிமா வகைக்கு ஒரு கைதான் வேண்டும், ஒரு மேதைதான் வேண்டும். மற்ற கைகள் எல்லாம் அவருக்கு டீ கொண்டுவந்து கொடுக்கிற கைகள்.

இந்தப் படமும், படத்தைப் பாராட்டி எழுதியவர்களும் சொல்கிற பெரிய பெருமை ஒன்று உண்டு. 1894இல் பம்பாயில் அச்சகம் வைத்து, சாமி படங்களை அச்சடித்து, கோயிலுக்குள் நுழைய முடியாதவன் வீட்டுக்கும் சாமியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பது. இந்த இடத்தில்தான் 'நாம்' படத்துக்குள் வருகிறோம். எப்படி வருகிறோம்? கையேந்தி வாங்கிக்கொள்கிறவர்களாக. அவருடைய பெருந்தன்மைக்குச் சாட்சி சொல்கிறவர்களாக.

அவர் கொடுக்கிற வரைக்கும் சேரியில் சாமியே இல்லையா? காட்டேரி இருந்தாள், மாரியம்மா இருந்தாள், முனி இருந்தான். கல்லில் மஞ்சள் பூசினால் சாமி. அதற்கு முகம்கூட வேண்டியதில்லை. அச்சுப் படம் வந்தபிறகு சாமிக்குப் பட்டுச்சேலை வந்தது, ஒட்டியாணம் வந்தது, வெளுத்த தோல் வந்தது. வரலாற்றை ஒற்றைப் பக்கமாகவும் சொல்லக்கூடாது. எங்க ஆயா வீட்டிலும் ஒரு லட்சுமி படம் இருந்தது. ஆயா அதை உயிராகத்தான் வைத்திருந்தாங்க. தினம் சிம்னி விளக்கின் புகை பட்டுப் பட்டு, பத்து வருஷத்தில் லட்சுமி எங்க ஆயா நிறத்துக்கு வந்துவிட்டாள். அச்சகத்துக்காரன் கொடுத்ததை நம் ஜனங்கள் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். சினிமாவில் அந்தப் புகைக்கு இடமில்லை.

ஒரு வருஷத்தை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். 1893. அந்த வருஷம் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு ரவிவர்மாவின் 10 ஓவியங்கள் போயின, பரிசும் வாங்கின. இந்தியப் பெண்கள் பல பகுதிகளில், பல உடைகளில். நியாயமாகச் சொன்னால் அதில் ஒரு நாடோடிக் குடும்பமும் உண்டு. அதே 1893இல், அதே திருவிதாங்கூரில், வெங்ஙானூரில் அய்யன்காளி வில்லுவண்டி கட்டிக்கொண்டு, நம்மவர்கள் நடக்கக்கூடாத பொதுப்பாதையில் தலைப்பாகையோடு போனார். அடிதடி நடந்தது. ரவிவர்மாவுக்கு அப்போது 45 வயது. அவர் சிறுவனாக இருந்தபோது, 1859 வரைக்கும், அதே ராஜ்யத்தில் நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளும் உரிமைக்காக அடிபட்டிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் உடம்பில் துணி எங்கே இருக்கலாம் என்பது அந்த மண்ணில் அரசியல் கேள்வி. 'ரங் ரசியா'வில் அது கலைச் சுதந்திரம் பற்றிய கேள்வி மட்டும்தான். ஓவியனுக்குத் துணியை விலக்கி வரைய உரிமை உண்டா என்று நீதிமன்றத்தில் வாதாடுகிறார்கள். துணி போட்டுக்கொள்ள உரிமை கேட்டு அடிபட்டவள் அந்த நீதிமன்றத்தில் எந்தப் பக்கம் நிற்பாள்? படத்துக்கு அவளைத் தெரியாது.

மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் ரவிவர்மாவின் புகழ்பெற்ற படம் ஒன்று இருக்கிறது. 11 பெண்கள் வாத்தியங்களோடு உட்கார்ந்தும் நின்றும் இருப்பார்கள். கேரளப் பெண், மராட்டியப் பெண், முஸ்லிம் பெண் என்று வரிசையாக. பாரத நாட்டின் பன்முகம் என்று அதைச் சொல்வார்கள். நகையில் பன்முகம் இருக்கிறது, சேலைக் கட்டில் பன்முகம் இருக்கிறது. நாற்று முடிச்சு சுமந்தவள் அதில் இல்லை. 'எல்லாரும் இருக்காங்க' என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள். யாரெல்லாம் எல்லாரும் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

சுகந்தாவுக்கு வருகிறேன். ஓவியனுக்காக உடம்பைக் கொடுத்து, மனசைக் கொடுத்து, அவமானத்தையும் சுமக்கிற பெண். ரவிவர்மாவுக்கு மாடலாக இருந்தவர்களில் ஒருவராக அஞ்சனிபாய் மால்பேகர் பெயரைச் சொல்வார்கள். கோவாவில், கோயிலோடும் இசையோடும் பிணைக்கப்பட்ட கலாவந்த் சமூகத்தில் பிறந்தவர். பெரிய இந்துஸ்தானிப் பாடகி. குமார் கந்தர்வா, கிஷோரி அமோன்கர் போன்றவர்கள் அவரிடம் கற்றார்கள். 1958இல் சங்கீத நாடக அகாடமி அவரைக் கௌரவித்தது. ஓவியர் செத்து 68 வருஷம் கழித்து, 1974இல் இறந்தார். அந்த வாழ்க்கையில் எத்தனை சினிமா இருக்கிறது! ஆனால் எடுக்கிறவர்களுக்கு சுகந்தாதான் வேண்டும். பாட்டுச் சொல்லிக்கொடுத்து, சீடர்களை உருவாக்கி, முதுமைவரை வாழ்ந்த பெண்ணை வைத்து ஆண் மேதையின் சோகத்தைக் காட்ட முடியாது.

'சரிங்க தோழர், ரவிவர்மா அரண்மனைக்காரர். ஒடுக்கப்பட்ட ஓவியனைப் பற்றி எடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?' என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் எடுத்தார்கள். ழான் மிஷல் பாஸ்கியா என்கிற கறுப்பின ஓவியர். 1960இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். அப்பா ஹைட்டிக்காரர், அம்மா போர்த்தோரிக்கோ வழிவந்தவர். தெருச் சுவரில் எழுதிக்கொண்டிருந்த பையன். சில வருஷத்தில் உலகப் புகழ். 27 வயதில், 1988இல், போதை மருந்தால் சாவு. 1996இல் படம் வந்தது. நடித்த ஜெஃப்ரி ரைட் கறுப்பினத்தவர், அபாரமாகச் செய்திருந்தார். எடுத்தவர் ஜூலியன் ஷ்னாபெல், வெள்ளைக்கார ஓவியர், பாஸ்கியாவின் சமகாலத்தவர். படத்தில் தன் சாயலில் ஒரு ஓவியர் பாத்திரத்தையும் வைத்துக்கொண்டார். இன்னொரு சங்கதி கேளுங்கள். பாஸ்கியாவின் ஓவியங்களைக் காட்ட அவருடைய உடைமைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் அனுமதி தரவில்லை. அதனால் ஷ்னாபெலும் அவர் உதவியாளரும் பாஸ்கியா மாதிரி வரைந்து வைத்தார்கள். கறுப்பு ஓவியன் திரையில் வரைகிறான், பின்னால் வெள்ளைக்காரன் கை. முகம் நம்ம முகமாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

1983இல் மைக்கேல் ஸ்டூவர்ட் என்கிற கறுப்பு இளைஞரை, சுரங்க ரயில் நிலையச் சுவரில் எழுதினார் என்று சொல்லிப் போலீஸ் பிடித்தது. போலீஸ் பிடியில் நினைவிழந்தார். 13 நாள் கழித்து ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். 1985இல் போலீஸ்காரர்கள் விடுதலையானார்கள். அந்தச் சாவைப் பாஸ்கியா உடனே வரைந்தார். இரண்டு போலீஸ்காரர்கள், நடுவில் ஒரு கறுப்பு நிழல். தானும் சுவரில் எழுதியவன்தானே! அவருடைய 'பித்து' எங்கிருந்து வந்தது என்று கேட்டால், போதை மருந்து என்பார்கள், புகழ் என்பார்கள், மேதைமை என்பார்கள். அந்தப் போலீஸ்காரர்களை யாரும் சொல்வதில்லை.

இந்த வகைப் படங்களுக்கு ஒரு அச்சு உண்டு. 1956இல் ஹாலிவுட்டில் கிர்க் டக்ளஸ் வான்காவாக நடித்தபோது அது கெட்டிப்பட்டுவிட்டது. வறுமை, பித்து, ஒரு பெண், சாவு, செத்தபிறகு புகழ். வான்கா காதை அறுத்துக்கொண்டது இந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும். 1885இல் அவர் வரைந்த, விளக்கு வெளிச்சத்தில் உருளைக்கிழங்கு தின்கிற அந்த விவசாயக் குடும்பம் எத்தனை பேருக்கு ஞாபகம்? கஷ்டம் என்பது மேதையின் மண்டைக்குள்ளேயே இருந்தால் அதற்கு வெளியே யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அது எல்லோருக்கும் சௌகரியம்.

இதையெல்லாம் சிதம்பரத்தில் நின்று பேசும்போது நந்தனை விட்டுவிட்டுப் போக முடியாது. தமிழ் சினிமா பேசத் தொடங்கிய காலத்திலேயே ஒரு தலித்தின் வாழ்க்கைக் கதையை எடுத்துவிட்டார்கள். 1935இல் 'பக்த நந்தனார்'. கே.பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார். 1 லட்சம் ரூபாய் சம்பளம் என்று நாடே பேசியது. 1942இல் ஜெமினியின் 'நந்தனார்', தண்டபாணி தேசிகர் நடித்தது. கதை நமக்குத் தெரியும். தில்லைக்குப் போக ஆசைப்பட்ட பண்ணையாள், கடைசியில் நெருப்பில் இறங்கித் தூய்மையாகி உள்ளே போகிறான். பெரிய புராணத்தில் இல்லாத வேதியர் பண்ணையாரை 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கதைக்குள் கொண்டுவந்தார். 40 வேலி நிலம் ஒரே ராத்திரியில் தானாக விளைந்துவிடுகிறது. சாமி செய்த அற்புதம்!

அந்த 40 வேலியை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். உழுவது, பரம்படிப்பது, நாற்றுப் பறிப்பது, நடுவது, களை எடுப்பது, அறுப்பது. எத்தனை நூறு ஆணும் பெண்ணும் எத்தனை மாசம் குனிந்து செய்கிற வேலை! அது முழுவதும் ஒரே ராத்திரியில் மாயமாகிவிடுகிறது. நந்தனின் கஷ்டம் தரிசனம் கிடைக்காத கஷ்டம் என்று ஆக்கிவிட்டால், வயல் கஷ்டம் காணாமல் போய்விடும். நெருப்பு வைத்தவன் யார் என்ற கேள்வியும் ஜோதியில் கலந்துவிடும்.

இந்த ஊரில்தான் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். நந்தன் பெயரை நெருப்பிலிருந்து எடுத்துப் பள்ளிக்கூடப் பலகையில் எழுதியதாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன். அதே நந்தன்தான். ஆனால் கதை இப்போது வேறு பக்கம் போகிறது. உள்ளே போக எரிய வேண்டியதில்லை, படிக்க வேண்டும் என்கிறது. பிரதிநிதித்துவம் என்று நான் சொல்வது இந்தத் திருப்பத்தைத்தான்.

இனிமேல் என் வீட்டுக் கதை. இதைச் சொல்லாமல் மற்றதைப் பேச எனக்கு உரிமை இல்லை.

எங்க சித்தப்பா பெயிண்டர். கடலூருக்குத் தெற்கே, கடலோரமாக இருக்கிற ஊர்களில் அவர் எழுதாத சுவர் கிடையாது. சுண்ணாம்பு அடித்து, நூல் பிடித்துக் கோடு போட்டு, நீலத்திலும் காவியிலும் எல்லாக் கட்சிக்கும் எழுதுவார். கடைப் பலகை, லாரிக்கு நம்பர், கல்யாணத்துக்கு வரவேற்புத் தட்டி. சின்னப் போட்டோவில் கட்டம் போட்டு, அதைச் சுவரில் பத்து மடங்காகப் பெரிசாக்குவார். ஒருமுறை ஒரு ஊரில் அம்மன் கோயிலுக்கு வண்ணம் பூசக் கூப்பிட்டார்கள். ஒன்றரை மாசம் சாரத்திலேயே கிடந்தார். சுதைச் சிற்பம் எல்லாம் அவர் கைபட்டுத்தான் நிறம் வந்தது. கும்பாபிஷேகத்துக்கு முன்னால் கண் திறக்கிற நாள் வந்தது. அன்றைக்கு, "நீ வெளியே இருப்பா" என்று சொல்லிவிட்டார்கள். கூலியை வாசலுக்கு வெளியே வைத்துக் கொடுத்தார்கள். கண் திறக்கிற வரைக்கும் அவர் கை வேண்டியிருந்தது. சாமிக்குக் கண் தெரிய ஆரம்பித்ததும் அவர் கை தீட்டாகிவிட்டது.

அதற்கப்புறம் அவர் கோயில் வேலைக்கே போகவில்லை. காலனி காலனியாகப் போய் அம்பேத்கர் படம் வரைந்தார், காசு வாங்காமல். நீலக் கோட்டு, சிவப்பு டை, கையில் புத்தகம். ஒரு ஊரில் அந்தப் படத்தின் மேலே ராத்திரியில் சாணி அடித்தார்கள். கழுவி மறுபடி வரைந்தார். மறுபடியும் அடித்தார்கள். மூன்று முறை அடித்தார்கள், மூன்று முறையும் வரைந்தார். இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஊர் ஊராக அம்பேத்கர் சிலை இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறதே, சுவருக்குக் கூண்டு போட முடியாதென்று சித்தப்பா கையில் தூரிகையை வைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு பிளக்ஸ் பேனர் வந்தது. ஒரே ராத்திரியில் அச்சடித்துக் கொடுத்தான். சித்தப்பாவுக்கு வேலை போயிற்று, குடி அதிகமாயிற்று. ஒருநாள் போய்விட்டார். சாவு வீட்டில் பேசிக்கொண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "நல்ல கை, குடியால கெட்டான்" என்றார்கள். அரண்மனைக்காரன் மனசு உடைந்தால் கலைஞனின் வேதனை. காலனிக்காரன் மனசு உடைந்தால் குடிகாரன். அவர் வரைந்த சுவர் ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. வேலை செய்கிறபோது எடுத்த போட்டோவும் இல்லை.

இந்தக் கதையை நேற்றும் கடலூரில் சொன்னேன். கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் எழுந்து கேட்டது: "அண்ணா, உங்க சித்தி என்ன பண்ணாங்க?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சித்திதான் சுண்ணாம்பு ஊறவைப்பாங்க. ஏணி தூக்குவாங்க. நூலின் ஒரு நுனி சித்தப்பா கையில் என்றால், இன்னொரு நுனி சித்தி கையில். மூன்று முறை சாணியைக் கழுவினது யார் என்று நினைக்கிறீர்கள்? சித்தப்பா வரைந்தார். கழுவினது சித்தி. இத்தனை வருஷமாக இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு வருகிறேன், "கழுவி மறுபடி வரைந்தார்" என்று சித்தப்பா கணக்கிலேயே எழுதிவிட்டேன். கொஞ்ச நேரம் முன்னால் உங்களிடமும் அப்படியேதான் சொன்னேன், கவனித்தீர்களா? கேதன் மேத்தாவுக்கும் ஷ்னாபெலுக்கும் சொன்ன குற்றச்சாட்டு எனக்கும் உண்டு. ஒற்றை மேதையைத் தேடுகிற கண் அவர்களிடம் மட்டும் இல்லை.

அதனால் தோழர்களே, சினிமாவில் நம்ம ஆள் ஒருத்தர் வந்துவிட்டாரா என்று தலை எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள். எண்ணத்தான் வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்பேத்கரைப் பற்றி ஜப்பார் படேல் எடுத்த படம் 2000இல் வந்தது. அது தமிழ் பேசித் தியேட்டருக்கு வர 2010 டிசம்பர் ஆயிற்று. வருவதே போராட்டம்தான். 'ரங் ரசியா' தியேட்டருக்கு வந்த அதே 2014இல்தான் பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' வந்தது. அதில் ஒரு சுவர் யாருக்குச் சொந்தம், அதில் யார் படம் இருக்கலாம் என்பதே கதை. சுவர் நம்ம சினிமாவுக்குள் வந்துவிட்டது. அந்தச் சுவரில் எழுதின கைகள் இன்னும் வரவில்லை.

தலை எண்ணி முடித்தபிறகு மூன்று கேள்வி கேளுங்கள். படம் யாருடைய கஷ்டத்தைக் கஷ்டம் என்று ஒத்துக்கொள்கிறது? அந்தக் கஷ்டத்துக்கு யார் காரணம் என்று பெயர் சொல்கிறதா, இல்லை விதி, பித்து, சாமி என்று எங்கேயாவது கலைத்துவிடுகிறதா? சித்தி எங்கே?

உங்கள் கையில் இப்போது ஆளுக்கொரு கேமரா இருக்கிறது. உங்கள் ஊரில் சுவர் எழுதின பெயிண்டர் ஒருத்தர் இன்னும் உயிரோடு இருப்பார். பிளக்ஸ் கடை வாசலில் உட்கார்ந்திருப்பார், இல்லையென்றால் எங்கேயாவது வாட்ச்மேனாக இருப்பார். போய் உட்காருங்கள். தியாகி ஆக்காதீர்கள், குடித்திருந்தால் குடித்தார் என்றே எழுதுங்கள். எந்தச் சுவருக்கு எவ்வளவு கூலி, எங்கே அடித்தார்கள், எங்கே வெளியே நிற்க வைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பக்கத்தில் அந்தம்மா இருந்தால் அவங்களை முதலில் கேளுங்கள்.

எங்க சித்தி இப்போதும் இருக்காங்க. அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன். இந்தத் தடவை நான் பேசாமல் உட்கார்ந்து கேட்கப்போகிறேன்.

ஜெய்பீம்.